தமிழ்ப் பள்ளி இல்லாத ஊரில் தமிழ் படிக்க என்ன வழி?

சிங்கப்பூரில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளி இன்று ஒன்றுகூட இல்லை. கடைசியாக இருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. கடையநல்லூரிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள் அமைத்த சங்கம் 1946இல் தொடங்கிய பள்ளி அது. ஆங்கிலம் படித்தால்தான் நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோர் எண்ணத் தொடங்கியதும் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை சரிந்தது. 1987 முதல் தேசியப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதல் மொழி.

ஆனால், தமிழ் வகுப்பறையை விட்டுப் போய்விடவில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால் அது தாய்மொழிப் பாடமாகத் தொடர்கிறது. பாலர் பள்ளியில் தொடங்கும் பிள்ளை பல்கலைக்கழகப் பட்டம் வரை தமிழ் படிக்க முடியும். அந்த வழியில் மூன்று கட்டங்களில் பெற்றோர் கவனித்து முடிவெடுக்க வேண்டியுள்ளது.

முதல் கட்டம்: பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது

தொடக்கநிலை 1 பதிவு ஆண்டு நடுவில், பல கட்டங்களாக நடக்கும். இடத்தைவிட விண்ணப்பங்கள் கூடுதலாக இருந்தால், சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கும் முன்னுரிமை உண்டு. அதனால் பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் பேட்டையில் உள்ள பள்ளியையே நாடுகின்றன.

அதே நேரத்தில் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: தமிழ் வகுப்பு அந்தப் பள்ளியிலேயே, பாட நேரத்திலேயே நடக்கிறதா? சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் சீனமொழியைத் தாய்மொழிப் பாடமாகக் கொண்டவை. வேறு சில பள்ளிகளில் தமிழ் மாணவர்கள் மிகக் குறைவாக இருக்கலாம். பிள்ளை பள்ளி முடிந்து வேறிடத்திற்குப் போய்த் தமிழ் படிக்க வேண்டுமா என்பது முன்கூட்டியே தெரிந்தால், அழைத்துப் போகவும் கூட்டி வரவும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பாலர் பள்ளிக்கும் இது பொருந்தும். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் மூன்று தாய்மொழிகளையும் கற்பிக்கின்றன. மற்ற பாலர் பள்ளிகளில் தமிழ் இருக்கிறதா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும்.

இரண்டாம் கட்டம்: தொடக்கநிலை 4 முடிவில்

பலர் அசட்டையாக இருந்துவிடும் இடம் இது. தொடக்கநிலை 4 தேர்வு முடிவுகளைப் பார்த்து, அடுத்த ஆண்டு பிள்ளை எந்தப் பாடத்தை எந்த நிலையில் படிக்கலாம் என்று பள்ளி பரிந்துரைக்கும். தமிழில் மூன்று நிலைகள் உண்டு: உயர்தமிழ், வழக்கமான தமிழ், அடிப்படைத் தமிழ். பெற்றோர் தங்கள் விருப்பத்தைப் படிவத்தில் தெரிவிப்பார்கள்.

‘தமிழ் கஷ்டமாக இருக்கிறது, அடிப்படைத் தமிழே போதும்’ என்று முடிவெடுக்கும் முன்பு ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. 1 மிகச் சிறந்தது. அடிப்படைத் தமிழில் 75 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கி ‘ஏ’ பெற்றாலும், மொத்தப் புள்ளியைக் கூட்டும்போது அது அடைவுநிலை 6 ஆகவே கொள்ளப்படும். வழக்கமான தமிழில் 45 மதிப்பெண் எடுத்தாலே அதே அடைவுநிலை 6 கிடைத்துவிடும். 65 எடுத்தால் 5.

உண்மையிலேயே சிரமப்படும் பிள்ளைக்கு அடிப்படைத் தமிழ் நல்ல ஏற்பாடுதான். கொஞ்சம் கைகொடுத்தால் தேறக்கூடிய பிள்ளையை அவசரப்பட்டு அதில் சேர்த்தால், உயர்நிலைப்பள்ளியில் அதன் விளைவு தெரியும்.

மூன்றாம் கட்டம்: உயர்நிலை 1

2024 முதல் உயர்நிலை 1 மாணவர்களுக்கு விரைவு, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. மாணவர்கள் 1, 2, 3 எனும் சேர்க்கைப் பிரிவுகள் வழியாகப் பள்ளியில் சேர்கின்றனர். பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 ஆகிய நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. ஜி3 ஆகக் கடினமானது.

ஒரு பிள்ளை எந்தச் சேர்க்கைப் பிரிவில் சேர்ந்தாலும், தான் நன்றாகச் செய்த பாடத்தை மேல்நிலையில் படிக்க முடியும் என்பதே இதில் முக்கியம். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகியவற்றுக்கு உயர்நிலை 1 தொடக்கத்திலேயே இந்த வாய்ப்பு உண்டு. வழக்கமான தமிழில் அடைவுநிலை 5 அல்லது அதைவிடச் சிறந்த நிலை பெற்றிருந்தால் ஜி3 தமிழ் படிக்கலாம். அடைவுநிலை 6 அல்லது அடிப்படைத் தமிழில் ‘ஏ’ இருந்தால் ஜி2 படிக்கலாம்.

மற்ற பாடங்களில் பின்தங்கி முதல் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு, தமிழே நம்பிக்கை தரும் பாடமாக அமையலாம். ஜி3 வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பது அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை. பள்ளி இந்த வாய்ப்பை அளிக்கும்போது, ‘பாரம் வேண்டாம்’ என்று உடனே மறுத்துவிடாமல் ஆசிரியரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. இந்த மாணவர்கள் 2027இல் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் தேர்வை எழுதும் முதல் அணியினர்.

பீட்டி ரோட்டில் இரண்டு கட்டடங்கள்

படிக்கும் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் இல்லையென்றால் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. மூடப்பட்ட பள்ளியின் பெயரைத் தாங்கிக் கல்வி அமைச்சு நடத்தும் நிலையம் இது. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் மேலே போனால் வரும் பீட்டி ரோட்டில் அமைந்துள்ளது. வெவ்வேறு பள்ளி மாணவர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் இங்கு வந்து தமிழ் படிக்கிறார்கள். தங்கள் பள்ளியில் தமிழ் பேச ஆள் கிடைக்காத பிள்ளைக்கு இங்கு ஒரு வகுப்பு நிறையத் தோழர்கள் கிடைப்பார்கள்.

அதே சாலையில்தான் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும் உள்ளது. இந்திய மாணவர்களின் தேர்ச்சி பின்தங்கியதைப் பற்றிய கவலையில் 1991இல் உருவான அமைப்பு இது. இந்தியச் சமூகத்தில் வேலை செய்வோர் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து தரும் சந்தா இதன் முதுகெலும்பு. குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளைத் தீவெங்கும் பல நிலையங்களில் சிண்டா நடத்துகிறது. வெளியில் டியூஷனுக்குச் செலவழிக்க முடியாத குடும்பங்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இது.

எல்லை தாண்டி வரும் பிள்ளைகள்

மலேசியாவில் இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் பல தோட்டங்களில் தோன்றியவை. அங்கிருந்து வேலை நிமித்தம் சிங்கப்பூர் வரும் பெற்றோர், பிள்ளையை இடைப்பட்ட வகுப்பில் சேர்க்க நினைத்தால், பொதுவாக வெளிநாட்டு மாணவர்களுக்கான நுழைவுத் தேர்வை எழுதவைக்க வேண்டும். அதில் சோதிக்கப்படுபவை ஆங்கிலமும் கணிதமும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கு தெரிந்திருக்கும். ஆனால், கேள்வியை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வதில் தடுமாற்றம் வரலாம். கணிதச் சொற்களை ஆங்கிலத்தில் சில மாதங்கள் பழக்கிவிட்டு எழுதவைத்தால் பாதிச் சுமை குறையும். தேர்ச்சி பெற்றாலும், காலி இடம் இருந்தால்தான் சேர்க்கை கிடைக்கும்.

உயர்நிலைக்குப் பிறகு

தொடக்கக் கல்லூரியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகத் தொடரலாம். ஆர்வம் இருந்தால் ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ என்ற எச்2 பாடத்தை எடுக்கலாம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் தமிழில் பட்டப்படிப்பு வழங்குகிறது. தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி தருவது தேசியக் கல்விக் கழகம். ‘தமிழ் படித்தால் என்ன வேலை?’ என்று கேட்பவர்களுக்கு ஆசிரியப் பணி, ஊடகம், மொழிபெயர்ப்பு, பாலர் கல்வி என்று சொல்ல நான்கு பதில்களாவது உண்டு.

பள்ளியால் செய்ய முடியாதது

வழிகள் இத்தனை இருந்தும் எண்ணிக்கை கவலை தருகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020இல் அது 2.5 விழுக்காடானது. அதே பத்தாண்டுகளில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

2005இல் தமிழ்ப் பாடத்திட்டம் மறுஆய்வு செய்யப்பட்டபோது, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் கூடுதல் இடம் தரப்பட்டது. இப்போது வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தேர்வாளரிடம் உரையாட வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க அதில் இடமில்லை. சாப்பாட்டு மேசையில், பேருந்தில், பாட்டியோடு தொலைபேசியில் தமிழ் பேசிப் பழகிய பிள்ளை அங்கே தயங்காது. தினமும் பத்து நிமிடம் வீட்டில் தமிழில் பேசுவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை.