பிரிட்டனில் புழக்கம் ஒழிந்த பொருள்கள்

பிரிட்டனில் எழுபது வயதைக் கடந்த இருவர் சந்தித்து உரையாடத் தொடங்கினால், பேச்சு விரைவில் பழைய அன்றாடப் பொருள்களின்பால் திரும்புவது வழக்கம். வாசற்படியில் நின்ற பால் புட்டி, கணப்பில் எரிந்த நிலக்கரி, சட்டைப்பையில் கனத்த பென்னிக் காசு என்று நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றுள் பல, இருந்த காலத்தில் தொல்லை தந்தவையே. அவற்றுக்காக ஏக்கம் கொள்வானேன் என்று நாம் வியக்கலாம். ஒவ்வொரு பொருளையும் கையாள ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. அப்பழக்கம் எல்லார் கையிலும் இருந்தது. பொருள் மறைந்தபோது அந்தப் பழக்கமும் செல்லாக் காசாகிவிட்டது.

காசிலிருந்தே தொடங்குவோம். 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டனில் தசம நாணய முறை அமலுக்கு வந்தது. அதற்கு முன் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுன்; ஆக, பவுனுக்கு 240 பென்ஸ். ஒரு பொருளின் விலை 17 ஷில்லிங் 9 பென்ஸ் என்றால், அத்தகைய ஏழு பொருள்களுக்கு 6 பவுன் 4 ஷில்லிங் 3 பென்ஸ் என்று பள்ளிச் சிறுவனும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இதற்கு மேல் கின்னி என்ற கணக்கு வேறு. அது 21 ஷில்லிங். அப்பெயருடைய காசு 1814க்குப் பிறகு அச்சிடப்படவே இல்லை. ஆயினும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் தங்கள் கட்டணத்தைக் கின்னியில் குறிப்பிடுவதையே கௌரவமாகக் கருதினர். இல்லாத காசில் கூலி கேட்கும் இந்த நாகரிகத்தை என்னென்பது!

பயனற்ற சிக்கல் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. பவுனை மூவர் பங்கிட்டுக் கொண்டால் ஆளுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ், மிச்சமின்றிக் கிடைக்கும். நூறு காசு கொண்ட பவுனை மூன்றாகப் பிரித்தால் ஒரு காசு எஞ்சி நிற்கும். நம் பழைய ரூபாய்க்கும் இச்சிறப்பு உண்டு. 16 அணா, அதாவது 192 தம்பிடி கொண்ட அந்த ரூபாயை மூவர் பிரித்தால் ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி. நாம் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்றே நயா பைசாவுக்கு மாறினோம். பிரிட்டன் நமக்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னால் வந்தது.

பழைய பென்னி பெரிய வெண்கலக் காசு. மூன்று பென்னிகள் ஓர் அவுன்சு நிறை. 1960களிலும் கடைக்காரர் கொடுக்கும் சில்லறையில் விக்டோரியா அரசியின் தலை பொறித்த, தேய்ந்த பென்னி வந்து சேர்வதுண்டு. எழுதப் படிக்க அறியாதவர் கையிலும் ஐந்து அரசர்களின் வரலாறு இவ்வாறு புழங்கிற்று. காசு போயினும் சொல் போகவில்லை. ஒருவருக்கு ஒரு செய்தி தாமதமாகப் புரிந்தால், "பென்னி விழுந்துவிட்டது" என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்வர். நாமும் ஐம்பது காசை எட்டணா என்றோம். வடக்கே வாழும் நேயர்கள், அண்டை வீட்டார் முழு உண்மையைப் 'பதினாறு அணா உண்மை' என்று இந்தியில் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது பால் புட்டி. விடியுமுன் மின்சார வண்டியில் வந்து, நிறைபுட்டியை வைத்துக் காலிப்புட்டியை எடுத்துச் செல்வார் பால்காரர். புட்டியின் கழுத்தில் பாலேடு திரண்டு நிற்கும். அதனை மனிதருக்கு முன்பே கண்டுகொண்டது ஒரு சிறு பறவை. 'புளூ டிட்' எனப்படும் நீலத்தலைக் குருவி மூடியைக் கொத்தித் திறந்து ஏட்டைக் குடிப்பது 1921ஆம் ஆண்டு சவுதாம்ப்டனுக்கு அருகே முதன்முதலாகப் பதிவாயிற்று; பின்னர் அவ்வித்தை நாடெங்கும் பரவியது. வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டியும், பெரிய அங்காடிகளில் மலிவான பாலும் வந்தபின் பால்காரர்கள் அருகினர். ஏடு தனித்துத் திரளாத பாலும் பரவியதால் குருவிக்கும் பிழைப்புப் போயிற்று. இன்று சில ஊர்களில் மட்டும் இவ்வழக்கம் நிலைத்துள்ளது. தனித்து வாழும் முதியவர் வீட்டு வாசலில் நேற்றைய புட்டி எடுக்கப்படாமல் இருந்தால், கதவைத் தட்டி விசாரிப்பவர் பால்காரரே. அங்காடியில் இவ்வுதவி விலைக்குக் கிடைப்பதில்லை.

நிலக்கரிக் கணப்பைப் பற்றிய ஏக்கத்தை மட்டும் என்னால் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. காகிதம், சுள்ளி, கரி என்று அடுக்கித் தீ மூட்டுவதும், செய்தித்தாளைக் கணப்பின் வாயில் விரித்துப் பிடித்துக் காற்றை இழுக்கச் செய்வதும் கைத்திறன்தான். நெருப்பில் ரொட்டி வாட்டித் தின்ற சுவையையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த அறையில் குளிர் தாளாது. சன்னல் கண்ணாடியின் உட்புறத்திலேயே பனி உறைந்திருக்கும். 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தால் சுமார் 4,000 பேர் மாண்டதாக அக்காலத்தில் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் 12,000 வரையும் கூறுவர். அதன் விளைவாகப் பிறந்ததே 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். கணப்பை எண்ணி ஏங்குவோர், அதன் புகையால் மாண்டவர்களையும் உடன் நினைத்தல் வேண்டும்.

தந்தி அங்கே 1982ஆம் ஆண்டிலும் இங்கே 2013ஆம் ஆண்டிலும் நின்றது. சிவப்புத் தொலைபேசிக் கூண்டின் கதை சற்று வேறு. அதை வரைந்தவர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லிவர்பூலின் பெரிய ஆங்கிலிக்கன் தேவாலயத்தைக் கட்டத் திட்டம் வகுத்தவரும் அவரே. இன்று பலரும் போற்றும் இச்சிவப்பு நிறத்தை அன்று கிராமத்தார் பலர் வெறுத்தனர். அழகிய நாட்டுப்புறங்களில் சில கூண்டுகளுக்குச் சாம்பல் வண்ணம் பூச நேர்ந்தது. பழைய கூண்டினுள் 'ஏ', 'பி' என இரு பொத்தான்கள் இருக்கும். எதிர்முனையில் குரல் கேட்டதும் ஏ பொத்தானை அழுத்தினால்தான் நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். பதில் இல்லையெனில் பி பொத்தானை அழுத்திக் காசைத் திரும்பப் பெறலாம். யாரேனும் காசை மறந்து சென்றிருக்கக்கூடும் என்ற ஆசையால், வழியிலுள்ள கூண்டுகளிலெல்லாம் நுழைந்து பி பொத்தானை அழுத்திப் பார்ப்பது சிறுவர்களின் வாடிக்கை.

கைப்பேசி பரவிய பிறகு, 2008ஆம் ஆண்டு முதல் கூண்டுகளை ஒரு பவுன் விலைக்கு ஊர் மன்றங்கள் ஏற்றுக்கொள்ள வழி செய்யப்பட்டது. தொலைபேசி அகற்றப்பட்ட கூண்டுகள் சிலவற்றில் நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் கருவி வைக்கப்பட்டுள்ளது. வேறு சிலவற்றில் புத்தகங்களை அடுக்கி வைத்துள்ளனர். ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போகலாம்.