தானாக நகரும் அம்புக்குறி

வெள்ளறடையிலோ பனச்சமூட்டிலோ ஒரு கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், மார்த்தாண்டத்திலிருந்து ஆள் வரும்வரை இப்போது யாரும் காத்திருப்பதில்லை. "ஸ்கிரீன்ல தெரியுற நம்பரைச் சொல்லுங்கண்ணா" என்பார் சாஃப்ட்வேர்காரர். சொன்னதும் அம்புக்குறி தானாக நகரும். கடன் கணக்கு, சரக்கு விவரம், திறந்து கிடக்கும் வங்கிப் பக்கம் எல்லாமே அவர் கைக்குப் போய்விடும்.

வழக்கம் பழையதுதான். ஐபிஎம் 1988-இல் கொண்டுவந்த ஏஎஸ்/400 போன்ற நடுத்தர அலுவலகக் கணினிகளில் மோடம் ஒன்றை டெலிபோன் லைனில் மாட்டி வைப்பார்கள். பழுது பார்ப்பவர் தன் ஊரிலிருந்து டயல் செய்வார். கீச்சென்ற ஒலியோடு இணைப்பு கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை யார் சுழற்றினாலும் மோடம் எடுத்துவிடும். கணினியின் முழு அதிகாரமும் 'கியூசெகோஃபர்' என்ற கணக்கிடம் இருந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது அதன் கடவுச்சொல்லும் அதே 'கியூசெகோஃபர்'தான்! விவரம் தெரிந்தவர்கள் முதல் வேலையாக அதை மாற்றினார்கள். தேவையில்லாத நேரத்தில் மோடத்தை அணைத்தார்கள். வரும் அழைப்பைத் துண்டித்து, முன்பே பதிந்த எண்ணுக்கு மோடமே திருப்பி அழைக்கும்படியும் செய்தார்கள்.

அசட்டையின் விலை பெரிது. 1994-இல் விளாதிமிர் லெவின் என்பவர் ரஷ்யாவில் உட்கார்ந்தபடியே சிட்டிபேங்க் கணக்குகளிலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் திசைதிருப்பினார். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கிக்குள் புகுந்தவர்கள், வெளிநாடுகளுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் அனுப்ப மூன்று உத்தரவுகள் போட்டார்கள். ஒப்புகைச் செய்திகளை அச்சிடும் பிரிண்டரையும் முடக்கி வைத்ததால், மறுநாள்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

கடைக்காரர்களுக்கும் பழைய மோடம்காரர்களின் வழியே போதும். தானே அழைத்த ஆளுக்கு மட்டும் திறக்க வேண்டும். வேலை முடிகிறவரை பக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று யாராவது, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை இறக்கச் சொன்னால் உடனே போனை வைத்துவிடலாம். 2019-இலேயே ரிசர்வ் வங்கி இந்த மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும், அடுத்து வங்கியை. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணைத் தானே கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போனது அவர் தலையில். அதன்பின் போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அனுமதியின்றிக் கணினிக்குள் புகுந்தவரிடமிருந்து 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்டு, மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் மனுச் செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

எல்லை ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. வீடு கேரளத்தின் பாறசாலையில், வங்கிக் கணக்கு தமிழ்நாட்டின் களியக்காவிளையில். எந்த மாநிலப் போலீஸிடம் போவது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. பாறசாலை நிலையத்தில் கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும். பதிவான தகவலின் நகலும் இலவசமாகக் கைக்கு வர வேண்டும்.