மானுக்கென்று விதைக்கும் வயல்

வயலில் மான் இறங்கக் கூடாது என்று பரண் கட்டிக் காவல் இருந்தவர்கள் நாம். மான் இறங்க வேண்டும் என்றே விதைத்து, பக்கத்தில் பரண் கட்டி, வில்லோடு காத்திருக்கிறார்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள். குளோவர், ஓட்ஸ், டர்னிப் கலந்த விதைப் பொட்டலங்கள் அங்கே இதற்கென்றே விற்கின்றன. இந்தப் பாத்திகளில் பல அரை ஏக்கர்கூட இருப்பதில்லை. வெட்டவெளிக்கு வரத் தயங்கும் மான்கூட, புதரிலிருந்து நாலு எட்டில் பசுமை தெரிந்தால் பொழுது சாயும் முன்பே வந்துவிடும் என்பதால், காட்டை ஒட்டித்தான் இடம் பார்ப்பார்கள். பரண் எந்தப் பக்கம் என்பதைக் காற்று வீசும் திசை முடிவு செய்யும். பாத்திக்குள் ஒரு கம்பிவலைக் கூண்டும் நிற்கும். கூண்டுக்குள் பயிர் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, வெளியே தரையோடு தரையாக இருந்தால் மான்கள் வந்து மேய்கின்றன என்று பொருள். தின்றது மானா முயலா என்பதைக் கடித்த தண்டே காட்டிக்கொடுக்கும். மானுக்கு மேல்தாடையில் வெட்டுப்பற்கள் இல்லாததால் தண்டு பிய்ந்து நார் நாராக நிற்கும். முயல் கடித்தால் சாய்வாக, சுத்தமாக அறுபட்டிருக்கும். நம் புள்ளிமானுக்கும் இதில் பங்குண்டு. 1930களில் டெக்சாஸுக்குக் கொண்டுபோன புள்ளிமான்கள் அங்கே பெருகிவிட்டன. அயல்நாட்டு விலங்கு என்பதால் ஆண்டு முழுவதும் அவற்றைச் சுடலாம்.

மான் எங்கே நிற்கும், எப்போது வரும், எப்படிச் சாகும் என்பதை உணவு வைப்பவரே தீர்மானிக்கிறார் என்பதுதான் இதில் நான் கவனிக்கச் சொல்வது. அம்போ குண்டோ இல்லாமலும் உணவு மானைக் கொல்லும். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலையையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. உண்மையில் மான் அந்த நுண்ணுயிர்களுக்குத்தான் தீனி போடுகிறது. அவை ஆக்கித் தருவதில் மான் வாழ்கிறது. தீனி மாறினால் நுண்ணுயிர்க் கூட்டமும் மாற வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பழக்கமில்லாத மான் மக்காச்சோளத்தையோ சோற்றையோ ஒரேயடியாகத் தின்றால் மாவுச்சத்து மளமளவென்று அமிலமாகி, இரைப்பைச் சுவர் புண்ணாகி, வயிறு நிறைந்திருக்கும்போதே உயிர் போய்விடும். கல்யாண மண்டபத்து எச்சில் சோற்றை மேய்ந்த பசு வயிறு ஊதிச் செத்த கதை தெரியாத ஊர் நம்மில் இல்லை. மானுக்கும் அதே கதிதான்.

இதைத் திருவள்ளூர் மாவட்டத்தோடு வைத்துப் பாருங்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் உண்டு. காட்டுக்கும் ஊருக்கும் நடுவே இருந்த மேய்க்கால் நிலங்களோ சுருங்கிக்கொண்டே வருகின்றன. தேர்வாய் கண்டிகையில் ஊரார் எதிர்த்தும், ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவாகிவிட்டது. புல் இருந்த இடம் போக, கும்மிடிப்பூண்டிப் பக்கம் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் உணவகக் கழிவும் கேன்டீன் மிச்சமும் கொட்டிக் கிடந்தால், அது யாரும் விதைக்காத வேட்டைப் பாத்தி. பரணில் ஆள் இல்லை. தெருநாயும் லாரியும் இருக்கின்றன. சோற்றோடு பிளாஸ்டிக்கும் உள்ளே போகும். சென்னை ஐஐடி வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

அமெரிக்க வேட்டைக்காரர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937 முதல் அங்கே காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. பாத்தி போடுகிறவர் நிலத்தையும் பேணுகிறார். நமக்குச் சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தீனி காட்டி இழுப்பதும் வேட்டையே. ‘நாங்கள் வேட்டைக்கா கொட்டுகிறோம்?’ என்று கேட்கலாம். நோக்கம் இல்லாததால் அது குற்றமாகாமல் போகலாம். மானின் இரைப்பைக்கு நோக்கம் தெரியாது. ‘பசித்த உயிருக்கு நாலு பிடி போட்டால் என்ன?’ என்பவர்களின் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கைநீட்டும் இடத்துக்கு வந்து பழகிய மான் நாய்க்கும் சாலைக்கும் அஞ்சாது. ஒரே இடத்தில் கூடித் தின்பதால் நோயும் எளிதில் தொற்றும். மானுக்கு உணவு தர வழி இருக்கிறது. முதுமலையில் அயல் களையான சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். அந்த நிழல் விலகினால்தான் நாட்டுப்புல் எழும். எல்லையோரக் காப்புக்காடுகளிலும் சீமைக்கருவேலம் மண்டிய இடங்களில் அதைக் களைந்து புல்லை வரவிடலாம்.

அதுவரை தொழிற்பேட்டை நிர்வாகங்களும் மண்டபக்காரர்களும் உணவகக்காரர்களும் ஒன்று செய்தால் போதும்: மிச்சச் சோற்றைக் காட்டோரத்திலும் சாலையோரத்திலும் கொட்டாமல், மூடிய தொட்டியில் சேர்த்து உரமாக்குங்கள்.