கடன் வாங்கிக் கழித்தலும் கொஞ்சம் தைரியமும்

மகளுக்குக் கணக்கு என்றாலே பயம், தனி ட்யூஷன் வைத்தால் தைரியம் வருமா என்று கொடைரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வரும். ஆனால் மின்கம்பத்து விளம்பரத் தட்டிகள் சொல்லும் காரணத்தால் அல்ல.

52-இல் 27 போக 35 என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் சுழித்துவிடுவது சுலபம். அவளோ மிகக் கவனமாகத்தான் செய்திருக்கிறாள். 2-இல் 7 போகாது. ஆகவே 7-இல் 2 போக 5. பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று சின்ன வகுப்பில் படித்ததை அப்படியே கடைப்பிடிக்கிறாள். 83-இல் 46-ஐக் கழிக்கச் சொன்னால் 43 என்பாள், அடித்துச் சொல்லலாம். கடன் வாங்கிக் கழிப்பதில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பலவும் இப்படி ஒரு சொந்த விதிப்படி நடப்பவை என்று பிரவுன், பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978-லேயே காட்டிவிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் கண்ணில் படுவது விடை மட்டும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கோ பென்சில் கீழ் வரியிலிருந்து மேல் வரிக்கு ஏறுவது தெரியும். "இது எப்படி வந்தது?" என்று அவர் கேட்டால் சிரிக்க அங்கே யாரும் இல்லை.

சிரிக்க யாரும் இல்லாதது முக்கியம். பயம் வந்தால், கடன் கொடுத்த 5 இப்போது 4 என்பதை நினைவில் வைத்திருக்கும் இடத்தையே அது பிடித்துக்கொள்கிறது. வீட்டில் கிரைண்டர் ஓடினால் ட்யூப்லைட் மங்குவது மாதிரி. லைட்டைத் திட்டிப் பயனில்லை, புது லைட் வாங்கியும் பயனில்லை. கிரைண்டரை நிறுத்த வேண்டும்.   2015-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 46 பேருக்கு எட்டு வாரம் தனித்தனியே கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மிகவும் பயந்த பிள்ளைகளின் பயம் குறைந்தது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் பரபரப்பும் அடங்கியது. 46 பேர் சின்னக் கூட்டம்தான். மூளைப்படம் என்றதும் மயங்க வேண்டாம்.

தனிப் பயிற்சியின் பலனும் முன்பு மிகைப்படுத்தப்பட்டதுதான். தனியாகக் கற்ற சராசரி மாணவர், வகுப்பில் கற்றவர்களில் 98 சதவீதத்தினரை முந்துவார் என்று 1984-இல் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். இன்றும் விளம்பரங்களுக்கு அதுதான் மூலதனம். 2020-இல் இத்தகைய பயிற்சி பற்றிய 96 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த பலன் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கல்வியில் அது சாதாரணப் பலன் அல்ல.

காசுள்ளவர்களுக்குத்தானே இது என்று கேட்கலாம். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற இலவசத் திட்டத்தில் தன்னார்வலர் ஒருவரிடம் சுமார் இருபது பிள்ளைகள் படித்தார்கள். அது தனிப் பயிற்சியே அல்ல. ஆனாலும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு, கொரோனாவில் இழந்த படிப்பு மீண்டதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை அதன் கணக்கில் வைத்தது. தெருவிலேயே, தெரிந்த அக்காவிடம், சின்னக் கூட்டத்தில் நோட்டைக் காட்ட முடிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பக்கத்தில் ஆள் இருந்தால்தான் பிள்ளை கணக்குப் போடும் என்பது இன்னொரு குறை. வீட்டுப்பாடத்தை முடித்துக்கொடுக்கும் ட்யூஷனுக்கு அது பொருந்தும். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவரிடம் போனால், ஒரு கட்டத்தில் அவரே தேவைப்படமாட்டார். ட்யூஷன் நடத்துகிறவருக்கு அது நட்டம்தான்.