தோட்டத்துப் பிள்ளையும் உயர்நிலைப் பள்ளியும்

அலோர் ஸ்டார் நகரிலுள்ள சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரியின் பெயரைக் கேட்டதும், அது பட்டப் படிப்புக்குரிய இடம் என்று தமிழகத்திலிருந்து வருவோர் எண்ணிவிடுவதுண்டு. அஃது அரசாங்க உயர்நிலைப் பள்ளியே ஆகும். பெரிய பள்ளிகள் சிலவற்றைக் 'காலேஜ்' என்றழைக்கும் ஆங்கிலேயர் வழக்கம் மலாயாவுக்கும் வந்தது, பெயர் நிலைத்துவிட்டது. கெடா மாநிலத்தின் கல்வி வரலாற்றை அறிய விரும்புவோர் இப்பள்ளியிலிருந்து தொடங்குவதே முறை. ஆனால் அம்மாநிலத்துத் தமிழரின் கல்வி வரலாற்றை அறிய விரும்புவோர், இத்தகைய பள்ளிக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் இடையே கிடந்த தூரத்தை முதலில் அளந்தாக வேண்டும்.

அரசாங்க ஆங்கிலப் பள்ளி என்ற பெயரில் 1908ஆம் ஆண்டு இது தோன்றியபோது, கெடா சயாம் மன்னரின் மேலாட்சியின்கீழ் இருந்தது. 1909இல் பாங்காக்கில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின்னரே அது பிரிட்டிஷார் கைக்கு மாறிற்று. எனவே, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னதாகவே ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது என்பது கவனிக்கத் தக்கது. அதன் முதல் தலைமையாசிரியர் பினாங்கிலிருந்து வந்த முகம்மது இஸ்கந்தர். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இளமையில் சில காலம் இங்கே பயின்றார். நான்காவது பிரதமரான மகாதீரும் இப்பள்ளியின் மாணவர். அவர் அந்தத் தலைமையாசிரியரின் மகனே ஆவார்.

நகரத்தில் குடியிருந்த எழுத்தர், வணிகர், இரயில்வே ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளி எட்டக்கூடியதாக இருந்தது. ஆனால் கெடாத் தமிழருள் பெரும்பாலோர் நகரத்தில் இல்லை. வடகெடா நெல் விளையும் சமவெளி. ரப்பர் விளைந்தது தென்கெடாவில். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று தமிழர் நாவில் பழகிய ஊர்களெல்லாம் அங்கேதான் உள்ளன. அலோர் ஸ்டாரிலிருந்து சுங்கைப் பட்டாணி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பிற்காலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் அமைந்தன என்பது உண்மையே. ஆயினும் தூரத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளந்தால் கணக்குத் தவறும்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி எப்படி உண்டாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். கூட்டு மலாய் நாடுகளில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் அங்கும் இதே அமைப்பில்தான் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் அந்த ஒருவர் பொறுப்பில் என்ற நிலை பல தோட்டங்களில் இருந்தது. எழுத்தும் எண்ணும் கற்றபின் பிள்ளை பால்மரத்துக்குச் செல்வான் என்பதே துரைமார் கணக்கு. மேலே ஒரு படி உண்டு என்று நினைத்து அமைத்த பள்ளி அன்று அது.

ஆங்கிலப் பள்ளியோ தன் கீழ் வகுப்புகளிலிருந்தே ஆங்கிலத்தில் நடந்தது. மலாய்ப் பள்ளியிலிருந்து வருவோருக்கென அந்நாளைய ஆங்கிலப் பள்ளிகளில் தனி வகுப்புகள் இருந்தன. தமிழ்ப் பள்ளியிலிருந்து வருபவனுக்கு அப்படியொரு பாலம் பெரும்பாலும் இல்லை. பன்னிரண்டு வயதில் தமிழ்க் கல்வியை முடித்தவன், ஆங்கிலம் கற்க வேண்டுமானால் தன்னைவிடப் பல வயது இளையவரோடு அமர வேண்டும். அதற்கு வயது வரம்பு இடந்தராது. கிராணியின் மகன் தொடக்கத்திலேயே ஆங்கிலப் பள்ளிக்குப் போனான். வெட்டுக்காரரின் மகன் போகவில்லை. இருவரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள்தாம்.

பாலம் 1957ஐ ஒட்டி வந்தது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதைத் தொடர்ந்த கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறையின் உறுப்பாக ஏற்றன. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருவோர் உயர்நிலைப் பள்ளியின் பயிற்று மொழியைக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஒதுக்கப்பட்டது. அதுவே புகுமுக வகுப்பு. மக்கள் வழக்கில் 'ரிமூவ் கிளாஸ்'. ஆயினும் நுழைவுத் தேர்வு என்னும் இன்னொரு தடை நின்றது. எழுதியோரில் ஏறத்தாழ பத்துக்கு மூவரே தேறினர். 1964இல் அத்தேர்வு நீக்கப்பட்டு, மறு ஆண்டு முதல் யாவரும் மூன்றாம் படிவம் வரை படிக்க வழி பிறந்தது.

கதவு திறந்ததும் எல்லாரும் உள்ளே போய்விட்டார்களா? இல்லை. மொழி அறியாதவனுக்கு அந்த ஓராண்டு கட்டாயம் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும். மற்றவர் பதின்மூன்றில் முதல் படிவம் புகும்போது, தமிழ்ப் பள்ளி மாணவன் பதினான்கில் புகுந்தான். பால் வெட்டும் குடும்பத்தில் பதினான்கு வயது என்பது மரத்தடியில் துணைக்கு நிற்கும் வயது. விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குப் போய்விடுவர். பிள்ளை தானே எழுந்து, செம்மண் சாலையில் நடந்து, பெருஞ்சாலையில் பேருந்தைப் பிடிக்க வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளையை நிறுத்திவிடுவது அதனினும் எளிது. தேர்வில் தோற்காமலேயே படிப்பை விட்டவர் பலர். இதைச் சோம்பல் என்று எழுதுவோர் தோட்டத்தின் காலைப் பொழுதைப் பாராதவர்.

1970இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஆங்கிலம் விலகி, 1982இல் உயர்நிலைப் பள்ளி முழுவதும் மலாய் மொழிக்கு மாறியது. தமிழ்ப் பள்ளியிலேயே மலாய் கற்றுத் தேறியவர், புகுமுக வகுப்பைத் தவிர்த்து நேரே முதல் படிவம் செல்லவும் இடமுண்டாயிற்று. ஓராண்டு மிச்சமாவது சிறிய செய்தியன்று. இதற்கிடையே தோட்டமே கரைந்துகொண்டிருந்தது. துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரே வாங்குவதற்காக 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், முதன்முதலாக வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைத்தான். மற்றத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. தோட்டத்துக் குடும்பங்கள் பல சுங்கைப் பட்டாணி போன்ற நகரங்களில் குடியேறின. உயர்நிலைப் பள்ளி தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டம் பள்ளியிருந்த ஊருக்கு வந்துவிட்டது.

நகரத்துப் பெரிய பள்ளியில், முப்பது பேர் படித்த தோட்டப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை திகைத்து நிற்பது இயல்பு. எனினும் பெரிய பள்ளியால் ஒரு நன்மை உண்டு. 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்று சட்டம் கூறுகிறது. தமிழ் மாணவர் நாலைந்து பேரே உள்ள சிறிய பள்ளியில் அந்த எண்ணிக்கை கூடாது. பெரிய பள்ளியில் ஒரே படிவத்தில் கூடிவிடும். ஐந்தாம் படிவத் தேர்வில் தமிழ் மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் பாடமாக எடுக்கலாம். ஆனால் வகுப்பு தானாக அமையாது. பெற்றோர் பள்ளிக்குச் சென்று கேட்க வேண்டும்.