கூத்தை எடுத்துக் கொடுப்பவர்

பொழுது புலருமுன் தப்பு முழங்கினால் அது வேலைக்கு அழைப்பு. பொழுது சாய்ந்தபின் முழங்கினால் அது கூத்துக்கு அழைப்பு. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையினர் இவ்விரு அழைப்புகளுக்கும் செவிசாய்த்து வாழ்ந்தனர். விடியற்காலைத் தப்பொலி கேட்டதும் லயத்துக் கதவுகள் திறக்கும். ஆணும் பெண்ணும் பிரட்டுக் களத்தில் வந்து நிற்பர். கங்காணி ஆள் எண்ணுவார். மாசி மாதத்து இரவில் அதே தப்பு வேறொரு தாளத்தில் முழங்கும்போது ஆள் எண்ணுவார் எவருமிலர். ஆயினும் மக்கள் கம்பளி போர்த்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தாமாகவே திரள்வர்.

பதுளை நகருக்கு அப்பால், நமுனுகுல மலைச்சரிவுகளில் ஸ்பிரிங்வெளி முதலிய தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. 1924ஆம் ஆண்டிலே புகைவண்டிப் பாதை பதுளையை எட்டியது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தமிழ் மக்கள் இம்மலைநாட்டில் முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் வளர்த்தனர். அவர்கள் கையில் கொண்டுவந்த பொருள் சிறிது. நெஞ்சில் கொண்டுவந்த கூத்துகளோ பல. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பன அவற்றுள் தலையாயவை. இவற்றுள்ளும் தோட்டம் முழுவதையும் ஒருங்கே ஈடுபடுத்துவது காமன் கூத்து எனலாம்.

அதன் கதை எளிது. சிவபெருமான் தவத்தில் ஆழ்ந்திருக்கிறார். அத்தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். ரதி போகவேண்டாமெனத் தடுக்கிறாள். அவன் கேளாது சென்று மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்க எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். இறுதியில், அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றுமாறு மன்மதன் உயிர் பெறுகிறான். தமிழ்நாட்டில் இக்கதையை வைத்தே 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என இரு பிரிவாக நின்று லாவணி பாடுவர். மலையகத்திலோ அது திறந்தவெளிக் கூத்தாக, பல இரவுகள் நீளும் விழாவாக நிலைத்தது.

இத்தகைய விழாவை நடத்துபவர் யார்? தோட்டத்து மக்கள் அவரை 'மாஸ்டர்' என்பர். அவர் ஆடுபவர்க்குப் பாட்டும் அடவும் கற்பிப்பவர். கூத்து நடக்கும்போது பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுப்பவர். வேடம் புனைந்தவரையே எல்லாரும் பார்ப்பர். மாஸ்டரைப் பார்ப்பவர் சிலரே. ஆனால் அந்த இரவு செம்மையாக அமைவதும் அமையாததும் அவரைப் பொறுத்ததாகும்.

அவரது வேலை கூத்துக்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிடுகிறது. முதலாவது, நாள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டபின் காமன் ஊன்றுவது வழக்கம். கரும்பு, ஆமணக்கு முதலிய கொம்புகளை வைக்கோற் பிரியால் சுற்றிக் களத்தின் நடுவே நடுவர். பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனம் நிகழும். தோட்டத்துக்குத் தோட்டம் இதிற் சிறு வேறுபாடுகள் உண்டு. பிறை முதல் பௌர்ணமி வரையுள்ள இரவுகளில் உழைப்பாளர் மறுநாள் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே அவ்விரவுகளின் ஆட்டம் குறுகியதாக இருத்தல் நன்று. இலங்கையில் பௌர்ணமி நாள் போயா விடுமுறை. நீண்ட ஆட்டத்தை அதனோடு பொருந்த வைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, களம். காமன் பொட்டல் என வழங்கும் அவ்விடத்துக்கு மேடையில்லை, திரையில்லை. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருப்பர். எனவே ஆடுபவர் ஒரு திசையையே நோக்கி ஆடினால் மூன்று திசையினர் முதுகைத்தான் காண்பர். வட்டமாகச் சுற்றி வரும் ஆட்டம் இத்தேவையை நன்கு நிறைவு செய்கிறது. மலைநாட்டில் சமநிலம் அரிது. பனி விழுந்த புல்லில் கால் வழுக்கும். பகல் வெளிச்சத்திலேயே களத்தை நடந்து பார்த்து, கல்லையும் பள்ளத்தையும் அறிந்து வைப்பது மாஸ்டரின் கடமை.

மூன்றாவது, ஆள். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் எனப் பாத்திரங்கள் பலர். ரதியாகவும் ஆடவரே ஆடிவருவது மரபு. விரதம் பூண்டு பல இரவுகள் ஆடக்கூடிய உடலுறுதி ரதி மன்மதனாக வருவோர்க்கு வேண்டும். அழகிய குரலுடையவன் காலில் தாளம் இல்லாதிருப்பான். நன்றாக ஆடுபவனுக்குப் பாட்டு நினைவில் நில்லாது. அனுபவமுள்ள மாஸ்டர் குறையுள்ளவனைத் தள்ளுவதில்லை; அவனைத் தேர்ந்தவன் ஒருவனுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். தோட்டத்துக் கூத்தில் வெளியாள் என்று ஒருவனும் இல்லை. இன்று தள்ளப்பட்டவன் நாளைக் காலையும் அதே மலையில் அருகே நின்று வேலை செய்வானல்லவா?

நான்காவது, ஒழுங்கு. இரவு முழுவதும் ஒரே வேகத்தில் ஆட இயலாது, பார்க்கவும் இயலாது. தொடக்கத்தில் ரதி மன்மதனின் எளிய ஆட்டங்கள் வரும். வருவோர் வந்து அமரவும், தப்படிப்போர் நெருப்பில் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றவும் அது நேரம் தரும். தூதன் வரும்போது களம் சூடேறும். வீரபத்திரன் வேகத்தின் உச்சம். உறங்கும் குழந்தையும் விழித்துக்கொள்ளும். அதன்பின் வரும் ரதி புலம்பலில் தப்பு தணிந்து, குரல் ஒன்றே மேலோங்கும். ஒப்பாரி பாடிப் பழகிய தோட்டத்துப் பெண்கள் அவ்விடத்தில் கண்கலங்குவர். வேகத்தை முன்னதாகவே செலவழித்துவிட்டால் தகனத்துக்கு வலு இராது. புலம்பலை நீட்டிவிட்டால் கூட்டம் கலையும்.

இனி, இக்கலையின் உயிர்நிலை ஒன்று உண்டு. அதை விளக்கக் கடல்கடந்த நாட்டு ஆட்டம் ஒன்றை ஒப்பிடுதல் பொருந்தும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 'கொன்ட்ரா' எனப்படும் கிராமிய நடனம் இன்றும் வழங்குகிறது. அதன் வேர் இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டங்களில் உள்ளது. ஜோன் பிளேபோர்ட் என்பார் 1651ஆம் ஆண்டில் அவ்வாட்டங்களைத் தொகுத்து வெளியிட்டார். கொன்ட்ராவில் மக்கள் இரு நீண்ட வரிசைகளாக எதிரெதிரே நிற்பர். ஒரு சுற்றுக்கு 64 தாள அடிகள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு சோடி ஓரிடம் நகர்ந்து அடுத்த சோடியைச் சந்திக்கும். கோலாட்டத்தில் எதிர்நின்றவரோடு கோல் தட்டி அடுத்தவரிடம் நகர்வதை அறிந்த நேயர்களுக்கு இது புதிதன்று.

அங்கும் ஆட்டத்தை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் உண்டு. அவர் முதலில் இசையில்லாமலே எல்லாரையும் நடக்கவைத்து வழி காட்டுவார். இசை தொடங்கியபின் ஒவ்வோர் அடவின் பெயரையும் உரக்கச் சொல்வார். எப்போது சொல்வார்? அடவு தொடங்கும்போதன்று, அதற்குச் சில அடிகள் முன்னரே. சொல் காதில் விழுந்து, அறிவில் பதிந்து, காலுக்கு இறங்கும் நேரத்தை அவர் கணக்கிட வேண்டும். அடியோடு சேர்ந்து சொன்னால் கால் பிந்திவிடும். மிக முந்திச் சொன்னால் ஆடுபவர் இருக்கும் அடவை விட்டுவிடுவர்.

நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ரால்ப் பேஜ் (1903–1985) இத்துறையில் பெயர்பெற்றவர். அந்நாட்டிலும் மாலையின் தொடக்கத்தில் எளிய ஆட்டங்களும், கால் பழகியபின் கடியனவும், களைத்த வேளையில் மீண்டும் எளியனவுமாக நிகழ்ச்சியை வகுப்பது வழக்கம். கடலால் பிரிக்கப்பட்ட, ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் ஒரே முறையைக் கண்டடைந்தது வியப்பன்று. மனிதன் கால் எங்கும் ஒரே விதமாகத்தான் களைக்கிறது. மனிதன் செவி எங்கும் சிறிது முன்னதாகவே சொல்லை வேண்டுகிறது.

இவ்விரு கலைக்கும் பொதுவான மற்றொரு நுட்பம் மௌனம். கொன்ட்ராவில் சில சுற்றுகள் கழிந்ததும் சொல்பவர் சொற்களைக் குறைப்பார். பின்னர் அடவின் பெயரை மட்டும் சொல்வார். முடிவில் வாய் மூடிக்கொள்வார். ஆட்டம் தானே ஓடும். மலையகத்து மாஸ்டரும் பாட்டின் முதலடியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பின்பாட்டுக்காரரிடம் அதை விட்டுவிடுகிறார். மன்மதன் தடுமாறும் கணத்தில் மட்டும் அவர் குரல் மீண்டும் எழும். தாம் தேவைப்படாத நிலையை உண்டாக்குவதே எடுத்துக் கொடுப்பவரின் வெற்றியாகும். நல்லாசிரியன் இயல்பும் இதுவே.

ஆயினும் மாஸ்டர் ஒருவரே கூத்தை நடத்திவிடுவதில்லை. தப்படிப்போர் இல்லையேல் அவர் எடுத்துக் கொடுக்கும் அடிக்குக் கால் இல்லை. அந்தத் தப்பைச் சாதியின் பெயரால் இழிவாக எண்ணிய காலம் உண்டு. தாளத்தைக் கேட்டு மகிழ்ந்து, தாளம் தந்தவரைக் களத்தின் ஓரத்தில் நிறுத்தியது எத்துணைப் பெரிய பிழை! கூத்திரவை வகுக்கும் எவரும் தப்படிப்போரின் இடத்தையும் உணவையும் மதிப்பையும் முதலில் வகுத்தல் வேண்டும்.

இந்த மரபு பல அடிகளைத் தாங்கி வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974ஆம் ஆண்டில் இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. பதுளையில் புகைவண்டி ஏறித் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களோடு பாட்டறிந்தோரும் பிரிந்தனர். பல இரவுகள் சேர்ந்து உழைத்தாலன்றி ஆட இயலாத கூத்துக்கு, ஒரு லயம் கலைவது ஓர் ஏடு கிழிவது போன்றது. பிற்காலத்தில் இளைஞர் வேலை தேடிக் கொழும்புக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர், இன்றும் செல்கின்றனர்.

மாஸ்டர் ஒருவர் முதுமையடையும்போது தோட்டத்தார் கவலை கொள்வது இயல்பு. அவர் பாட்டுகளைக் கைபேசியில் பதிந்து வைப்போர் இன்று உண்டு, அது நற்செயலே. ஆனால் பதிவில் பாட்டு மட்டுமே நிற்கும். எந்தக் கணத்தில் அடியை எடுத்துக் கொடுப்பது, எப்போது வாய் மூடுவது, கூட்டம் சோர்வதை எவ்வாறு உணர்வது என்னும் அறிவு பதிவில் நில்லாது. அது களத்தில் நின்றே கைவரப் பெறுவது.

இதற்கு மருந்து மரபிலேயே இருக்கிறது. காமன் கூத்து ஓரிரவில் முடிவதன்று. மூன்றாம் பிறைக்கும் பௌர்ணமிக்கும் இடையில் பல சிறிய இரவுகள் உள்ளன. அவ்விரவுகளில் கூட்டம் குறைவு. தவறு நேர்ந்தாலும் இழுக்கில்லை. அந்தச் சிறிய இரவுகளுள் ஒன்றை இளையவன் ஒருவன் கையில் ஒப்படைத்து, முதியவர் அருகே வாளா அமர்ந்திருக்கலாம். இளையவன் பிந்திச் சொல்வான், கால்கள் தடுமாறும், சிறுவர் நகைப்பர். மறுநாள் இரவு சற்று முந்திச் சொல்வான். சில ஆண்டுகளில் தகன இரவையே அவன் தாங்குவான். தோட்டப் பாடசாலைகள் கலைவிழாவுக்காகப் பத்து நிமிட ஆட்டம் ஒன்றைப் பழக்கும்போது, ஆடும் மாணவரோடு எடுத்துக் கொடுக்கும் மாணவர் ஒருவரையும் பழக்கினால் அதுவும் பெருந்துணையாகும்.

ஊவாவின் மலைகளில் மாசிப்பனி இறங்கும் இரவொன்றில் முதிய மாஸ்டர் தம் குரலை அடக்கிக்கொண்டு, இளங்குரல் ஒன்று முதலடியை எடுத்துக் கொடுப்பதைக் கேட்டிருப்பாராயின், அந்தத் தோட்டத்தில் காமன் மறுபடியும் உயிர் பெற்றான் என்று கொள்ளலாம்.