ஈறோரம் தேயும் பற்கள்

பல் போனால் சொல் போச்சு என்பது முன்னோர் மொழி. சொல் மட்டுமா போகிறது? முறுக்கின் சுவை போகிறது. கரும்பின் இன்பம் போகிறது. விருந்தில் நாலு பேரோடு அமர்ந்து மனநிறைவாக உண்ணும் மகிழ்ச்சியும் போகிறது. பல்லைப் பேணாத சோம்பேறிகளுக்கே பல் கெடும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால், பேணுவதாக எண்ணி நாள்தோறும் தேய்த்துத் தேய்த்தே பல்லைக் கெடுத்துக்கொள்வோரும் நம்மிடையே உளர். அவர்களுக்கு வரும் கேடு ஒன்றைப் பற்றி இங்கே சிறிது கூற விரும்புகிறேன்.

அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் ஆம்பூர்ப் பக்கமிருந்து பஞ்சாலை வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தவர். இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டார். வெற்றிலை, புகையிலை ஒன்றும் அறியாதவர். விடியற்காலையில் எழுந்து கால்மணி நேரம் பல் துலக்காமல் ஒரு வாய் காப்பியும் அருந்தமாட்டார். அவர் துலக்கும் ஓசை எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அத்தகையவர் சென்ற மார்கழியில் குழாய்த் தண்ணீரால் வாய் கொப்பளிக்க இயலாமல் துடித்தார். மோர் குடித்தால் கூச்சம். குளிர்காற்றுப் பட்டாலும் சுரீர் என்னும் வலி. கண்ணாடியில் பார்த்தபோது, இடப்பக்க மேற்பற்களில் ஈற்றை ஒட்டிக் கோடரியால் வெட்டியது போன்ற பள்ளங்கள் தெரிந்தன. பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று முடிவு செய்தார். "ஐந்து பல்லையும் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொள்கிறேன்" என்று மகனிடம் சொன்னார். மகன் வற்புறுத்தியதால் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பல் மருத்துவரிடம் சென்றார்.

மருத்துவர் நெடுநேரம் சோதித்துவிட்டுச் சிரித்தார். "பெரியவரே, உங்கள் பல்லில் பூச்சியும் இல்லை, சொத்தையும் இல்லை. குற்றம் பல்லில் அன்று, கையில் இருக்கிறது. இவ்வளவு உறுதியான பற்களை நான் பிடுங்கமாட்டேன்" என்றார்.

பல்லின் கழுத்து

இதன் காரணத்தை அறியப் பல்லின் அமைப்பை அறிதல் வேண்டும். நாம் காணும் வெண்மையான மேற்பகுதியை எனாமல் என்னும் மேலுறை மூடியிருக்கிறது. மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கடைவாய்ப் பல்லின் முகட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கும் இந்த உறை, ஈற்றை நெருங்க நெருங்க மெலிந்து, பல்லின் கழுத்தில் கத்தியின் விளிம்பு போல் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேரின் மேல் இருப்பது மெல்லிய பூச்சு ஒன்றே. ஈறு தன் இடத்தில் இருக்கும்வரை வேருக்குக் காவல் உண்டு. ஈறு சற்றே கீழிறங்கினால் அக்காவல் அகன்றுவிடுகிறது.

எனாமலுக்கு உள்ளே இருப்பது டென்டீன் என்னும் மென்மையான பகுதி. கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்குழாய்கள் அதில் உள்ளன. மேலுறை தேய்ந்து அக்குழாய்களின் வாய் திறந்துவிட்டால், குளிர்ச்சியோ காற்றோ பட்டவுடன் அவற்றில் உள்ள நீர் அசைகிறது. அந்த அசைவு உள்ளே உள்ள நரம்பைத் தூண்டுகிறது. நாம் பல் கூச்சம் என்பது இதுவே.

தேய்வுக்குக் காரணங்கள்

முதற்காரணம் முரட்டுத்தனமான துலக்குதல். அமெரிக்காவில் பிறந்து பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் பல் மருத்துவ அறிஞர், பிடுங்கிய பற்களைப் பிரஷாலும் பற்பொடியாலும் தேய்த்துப் பார்த்துத் தம் முடிவுகளை 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரஷைவிட அதனோடு சேர்ந்த கரடான பொடியே பல்லை மிகுதியாக அரித்தது என்பது அவர் கண்ட உண்மை. நம் வீடுகளில் செங்கற்பொடி, அடுப்புக்கரி, சாம்பல், மணல் கலந்த உப்பு ஆகியவற்றால் பல் துலக்கிய காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இன்றும் அவ்வழக்கத்தை விடாதவர்கள் உண்டு. பற்பசையின் உராய்வுத் திறனுக்கு 250 என்னும் அளவை உலகத் தர விதிகள் மேல் எல்லையாக வகுத்துள்ளன. அடுப்பிலிருந்து எடுத்த கரிக்கும், சுவரிலிருந்து உதிர்த்த செங்கல்லுக்கும் எந்த அளவும் இல்லை. எந்த எல்லையும் இல்லை.

கோரைப்பல்லும் அதற்கு அடுத்த பற்களும் வாயின் வளைவில் முன்தள்ளி நிற்பதால் அவையே பெரும்பாலும் அடிபடுகின்றன. வலக்கையால் துலக்குவோருக்கு இடப்பக்கத்தில் தேய்வு மிகுந்திருப்பதும் உண்டு. நம் பெரியவர் கதையும் அதுவே.

இரண்டாம் காரணம் புளிப்பு. வாயின் காரத்தன்மை குறைந்து புளிப்பு மிகும்போது எனாமலில் உள்ள சுண்ணச்சத்துக் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறு, புளி, பாட்டிலில் விற்கும் வாயு நிறைந்த இனிப்பு நீர்கள் யாவும் அத்தகையவை. இரைப்பையிலிருந்து புளித்த நீர் தொண்டைக்கு ஏறிவரும் நோயாளருக்கும் இத்தீங்கு நேர்கிறது. புளிப்பால் இளகிய பல்லை உடனே பிரஷால் தேய்த்தால் தேய்வு மிகக்கூடும். ஆகவே அரைமணி நேரமாவது பொறுத்துத் துலக்குவது நன்று. அதற்கிடையில் வெறுந்தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

மூன்றாவது, உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்தல். அவ்வழுத்தத்தால் பல் அணுவளவு வளைந்து, கழுத்தில் நுண்ணிய விரிசல்கள் உண்டாகின்றன என்பது ஒரு கொள்கை. 1991ஆம் ஆண்டு கிரிப்போ என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் இதற்கு அப்ஃப்ராக்ஷன் என்று பெயரிட்டார். இதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. பல காரணங்கள் கூடியே இக்கேட்டை விளைக்கின்றன என்பதை மட்டும் பெரும்பாலோர் ஒப்புகின்றனர்.

சொத்தையா, தேய்வா?

சொத்தை பொதுவாக மென்மையாகவும் பழுப்பாகவும் இருக்கும். தேய்ந்த பள்ளமோ கெட்டியாகவும் வழவழப்பாகவும் ஆப்பு வடிவிலும் இருக்கும். ஆயினும் தேய்ந்த பள்ளத்தில் உணவு தங்கிப் பின்னர் சொத்தையும் சேர்வதுண்டு. ஆகவே நாமே தீர்ப்புச் சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. தெருவோரத்தில் பல் பிடுங்குவோரிடம் வாயைத் திறப்பதோ, பூச்சி எடுப்பதாகக் கூறுவோரை நம்புவதோ கூடாது. நல்ல பல்லை இழந்தபின் வருந்திப் பயனில்லை.

மருத்துவம்

காரணத்தை நிறுத்தாமல் பள்ளத்தை மட்டும் அடைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது போலாகும். ஆதலால் மருத்துவர் முதலில் துலக்கும் முறையைத் திருத்துவார். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பற்பசை, எழுதுகோலைப் பிடிப்பது போல் விரல்களால் மெல்லப் பிடித்தல், ஈற்றிலிருந்து பல்லின் நுனி நோக்கிச் சிறு வட்டங்களாகத் துலக்குதல், காலையும் இரவும் 2 நிமிடம். இவ்வளவே போதும். வேப்பங்குச்சி அல்லது ஆலங்குச்சி வழக்கமுடையோர் நுனியை நன்றாக மென்று பஞ்சு போலாக்கிக்கொண்டு மெல்லத் தேய்த்தல் வேண்டும். குச்சியை ரம்பம்போல் குறுக்கே இழுத்தால் அதுவும் ஈற்றைக் கிழிக்கும்.

கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டு சேர்ந்த பற்பசைகள் உண்டு. அவற்றின் பயன் ஒரே நாளில் தெரியாது; சில வாரங்கள் விடாது பயன்படுத்தவேண்டும். மருத்துவர் ஃபுளூரைடு பூச்சும் பூசுவார். பள்ளம் ஆழமில்லாமலும் வலியில்லாமலும் இருந்தால் அடைக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை காட்டிவந்தால் போதும். ஆழ்ந்திருந்தால் பல்லின் நிறத்தையே ஒத்த பொருளால் அடைப்பார்கள். 1955ஆம் ஆண்டு புவனகோர் என்னும் அறிஞர் எனாமலின் மேல் அமிலம் தடவிப் பிசினை ஒட்டவைக்கும் முறையைக் கண்டார். பின்னர் 1972ஆம் ஆண்டில் வில்சன், கென்ட் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் கண்ணாடிச் சிமெண்டை அறிவித்தனர். பல்லை மிகுதியாகக் குடையாமலே அடைக்க இவ்விரண்டும் வழிவகுத்தன. பள்ளம் நரம்பை எட்டிவிட்டால் வேர்ச் சிகிச்சை வேண்டியிருக்கும். இரவில் பல் கடிப்போருக்கு உறை ஒன்று செய்து தருவார்கள்.

மொழிக்கு அஞ்சவேண்டாம்

நம் தாய்மார்களும் முதியோரும் மருத்துவரிடம் செல்லத் தயங்குவதற்குச் செலவோடு மொழியும் ஒரு காரணம். விக்டோரியா மருத்துவமனையை அடுத்து, கோட்டைப் பகுதியில், 1958ஆம் ஆண்டில் தோன்றிய அரசினர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எளியவரும் அங்கே சென்று சோதித்துக்கொள்ளலாம். கன்னடத்தில் எப்படிக் கூறுவது என்று மலைக்கவேண்டாம். நம் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாகும். நம் பால் அவர்களுக்கு ஹாலு; நம் பல் அவர்களுக்கு ஹல்லு. நோவு இரு மொழிக்கும் நோவுதான். "ஹல்லு நோவு" என்றால் போதும், வேண்டியது விளங்கிவிடும்.

பெரியவருக்கு மூன்று பற்களை அடைத்தார்கள். மற்ற இரண்டையும் தொடாமல் விட்டார்கள். பிடுங்கச் சென்றவர் ஐந்து பற்களோடும் வீடு திரும்பினார். மறுநாட்காலை அவர் வீட்டுப் பக்கமிருந்து ஓசையே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் நின்று, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் மெல்லப் பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஐம்பது வருஷமாகப் பாத்திரம் விளக்குகிறாற்போல் விளக்கினேன் தம்பி. இது பாத்திரம் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார்.

நம் வீட்டு முதியோருக்கு அதைச் சொல்வது நம் கடமை. இன்று இரவே உங்கள் வீட்டுப் பிரஷ்களை எடுத்துப் பாருங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகுமுன்பே எவருடைய பிரஷின் மயிர் விரிந்து சாய்ந்திருக்கிறதோ, அவருடைய ஈறோரத்தை விளக்கொளியில் பாருங்கள். பள்ளம் தெரிந்தால் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.